டிடிபி கடையில் எட்டு வருடமாக ‘எவ்ரிதிங்’

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பழைய காதணி விழா பத்திரிகை ஒன்றை நீட்டி, "இதே மாதிரிதான் வேணும், பேரை மட்டும் மாத்திக் கொடுங்க" என்பார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஃபைல். எந்த டிரைவில் கிடக்கிறதோ! விண்டோஸில் பெயரைக் கொடுத்தால் பச்சைக்கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும். பல நாள் பொறுமை இழந்து புதிதாகவே டைப் செய்து கொடுத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களைத் தேடித் தரும் ‘எவ்ரிதிங்’ என்ற சாஃப்ட்வேர் வந்த பிறகு அந்தத் தொல்லை போனது. வாய்டுடூல்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இரண்டு எம்பிகூட இல்லை. 'காதணி' என்று தட்டி முடிப்பதற்குள் அந்தப் பெயரில் உள்ள ஃபைல்கள் எல்லாம் கண்முன் நிற்கும். இடைவெளி விட்டு ஊர்ப் பெயரையும் சேர்த்தால் இரண்டும் உள்ளவை மட்டும் மிஞ்சும். விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்று என்டிஎஃப்எஸ், அந்த வகை டிரைவில் எல்லா ஃபைல் பெயர்களும் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. இது ஒவ்வொரு ஃபோல்டராக நுழையாமல் அந்த அட்டவணையை நேராகப் படித்துவிடுகிறது, வேகத்துக்கு அதுதான் காரணம்.

நான் அதிகம் பயன்படுத்துவது தேடல் பெட்டியைக் காலியாக விட்டுத்தான். ஒரு கல்லூரி மாணவி மெயிலில் வந்த வேர்டு ஃபைலை அங்கேயே திறந்து, இரண்டு மணி நேரம் திருத்தி, சேவ் செய்து மூடிவிட்டார். மறுபடி திறந்தால் பழையபடியே இருக்கிறது. அழுதேவிட்டார். பெட்டியில் எதுவும் தட்டாமல் 'டேட் மாடிஃபைட்' தலைப்பைக் கிளிக் செய்து, கடைசியாக மாறியவை மேலே வரும்படி வைத்தேன். நாலாவது வரியில், தற்காலிக ஃபைல்கள் கிடக்கும் டெம்ப் ஃபோல்டருக்குள் அவருடைய ஃபைல்! மெயிலை மூடினால் சில சமயம் அந்த இடம் துடைக்கப்பட்டுவிடும், அதனால் முதல் வேலையாக டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்தோம். இதே போல் அளவு வாரியாக அடுக்கினால் சி டிரைவை அடைத்திருப்பது எது என்று தெரிந்துவிடும். பேஜ்ஃபைல், ஹைபர்ஃபில் இரண்டும் சிஸ்டத்துடையவை, அவற்றைத் தொட வேண்டாம்.

குறையும் உண்டு. சாதாரணமாக இது பெயரைத்தான் தேடும், உள்ளே இருக்கும் எழுத்தை அல்ல. 'நியூ 1', 'ஃபைனல் 2' என்று பெயர் வைத்த பழைய ஃபைல்கள் இன்றும் கிடைப்பதில்லை. இப்போது விழா, ஊர், தேதி மூன்றும் இல்லாமல் எதையும் சேவ் செய்வதில்லை.

அப்புறம், கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவையும் மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். ஹார்டு டிஸ்க் தன்னைப் பற்றிக் குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களை எடுத்துக் காட்டும் கருவி. நீலம் என்றால் நலம். அதன் பட்டியலில் கடைசி நெடுவரிசையில் உள்ள எண்கள், பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட ஹெக்ஸாடெசிமல் முறையில் இருக்கும், பெரிதாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். ஒரு நாள் நீலம் மஞ்சளாகியிருந்தது. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்களை, அதாவது டிஸ்க்கின் சிறு சிறு பகுதிகளைச் சொல்லும் 'கரண்ட் பெண்டிங் செக்டார்' வரியிலும் மஞ்சள்தான். கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அன்று இரவே கடையைப் பாதி சாத்திவிட்டு எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன். பத்து நாள் கழித்து அந்தப் பழைய டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது.