முதல் டிஜே கன்ட்ரோலர்: எஃப்எல்எக்ஸ்4, மிக்ஸ்ட்ராக், இன்பல்ஸ் – யாருக்கு எது?

முதன்முதலாக டிஜே கன்ட்ரோலர் (லேப்டாப்பில் ஓடும் பாட்டுகளைக் கையால் கலக்க உதவும் கருவி) வாங்கப் போகிறவர் கண்ணில் விழுவது மின்னும் பேட்கள், அதாவது விரலால் தட்டும் பொத்தான்கள். முதலில் தேட வேண்டியதோ ஹெட்போன் துளை. ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை ஹெட்போனில் மட்டும் கேட்டு, வேகம் பொருத்தி, சரியான தாளத்தில் உள்ளே விடுவதுதான் இந்த வேலையின் அடித்தளம். அதற்குக் கன்ட்ரோலருக்குள்ளேயே சவுண்ட் கார்டு வேண்டும். ஸ்பீக்கருக்கு ஒரு ஸ்டீரியோ வெளியீடு, ஹெட்போனுக்குத் தனியாக இன்னொன்று.

மலிவான இரண்டு கருவிகள் இந்த இடத்திலேயே பின்தங்குகின்றன. பயனியர் டிடிஜே-200இல் சவுண்ட் கார்டு கிடையாது. பிரிப்புக் கேபிள் போட்டுத்தான் கியூ கேட்க, அதாவது அடுத்த பாட்டை ஹெட்போனில் கேட்க, முடியும். அப்போது ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் மோனோ ஒலிதான் போகும். நியூமார்க் டிஜே2கோ2 டச்சில் சவுண்ட் கார்டு உண்டு, பையில் போட்டுக்கொண்டும் போகலாம். ஆனால் பாஸ், மிட், ட்ரெபிள் திருகுகள் இல்லை. ஒரு பாட்டின் பாஸைக் குறைத்து மற்றதன் பாஸை ஏற்றப் பழகாமல் மிக்ஸிங் வராது. அதனால் இரண்டையும் ஒதுக்கிவிடலாம்.

மீதிப் போட்டி மூன்றுக்குள். பயனியரின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4, நியூமார்க்கின் மிக்ஸ்ட்ராக் ப்ரோ எஃப்எக்ஸ், ஹெர்குலிஸின் இன்பல்ஸ் 300 எம்கே2. மூன்றிலும் இரண்டு டெக் (ஒரு பாட்டை இயக்கும் பகுதி), சவுண்ட் கார்டு, மூன்று பட்டை ஈக்யூ (பாஸ், மிட், ட்ரெபிள் திருகுகள்), டெக்குக்கு எட்டு பேட் இருக்கின்றன. பெட்டியில் அச்சிட்ட வசதிப் பட்டியலை வைத்து முடிவெடுத்தால் எதை எடுத்தாலும் ஒன்றுபோலத்தான் தோன்றும். கையில் பழகும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

எஃப்எல்எக்ஸ்4 2023 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. 2018இல் வெளியான டிடிஜே-400இன் வாரிசு. இதன் பெரிய பலம் பொத்தான்களின் அமைப்பு. பிளே, கியூ, ஈக்யூ, பீட் எஃபெக்ட் எல்லாம் கிளப்களில் இருக்கும் சிடிஜே பிளேயர், டிஜேஎம் மிக்சர் வரிசையை ஒட்டியே அமைந்திருக்கின்றன. வீட்டில் பழகிய கை கிளப் மேடையிலும் தடுமாறாது. இன்னொரு பலம் ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருள். கன்ட்ரோலரை லேப்டாப்பில் செருகியிருக்கும்வரை அதன் பெர்ஃபார்மன்ஸ் முறை (நேரடியாக மிக்ஸ் செய்யும் பகுதி) கட்டணமில்லாமல் திறந்திருக்கும். அதே மென்பொருளில் பாட்டுகளை அலசி, ஹாட் கியூ (பாட்டில் நினைத்த இடத்துக்குச் சட்டென்று தாவ உதவும் குறி) வைத்து, பிளேலிஸ்ட்டை பென் டிரைவில் ஏற்றுமதி செய்தால் சிடிஜே-2000 நெக்சஸ்2 போன்ற கிளப் பிளேயரில் அப்படியே திறக்கும். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்ய மறக்க வேண்டாம். எக்ஸ்ஃபேட்டில் இருந்தால் அந்த பிளேயர் படிக்காது. மேடையேறிய பிறகு அதைக் கண்டுபிடிப்பது கொடுமை. செராட்டோ டிஜே லைட் என்ற இன்னொரு மென்பொருளும் இதில் ஓடும் என்பதால் ஒரே மென்பொருளோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை.

குறை என்றால், ஜாக் வீலும் (பாட்டைக் கையால் தள்ளி இழுக்கும் வட்டு) டெம்போ ஃபேடரும் (வேகத்தை மாற்றும் நகர்த்தி) சற்றுச் சிறியவை. ஒரு டெக்கிலிருந்து மற்றதுக்கு ஒலியை மாற்றும் கிராஸ்ஃபேடரை நகர்த்தும்போது பாஸையும் வேகத்தையும் தானே சரிசெய்யும் ஸ்மார்ட் ஃபேடர் என்ற வசதியும் இருக்கிறது. பழகும் காலத்தில் அதை அணைத்தே வையுங்கள். காது செய்ய வேண்டிய வேலையை அது பறித்துக்கொள்ளும்.

மிக்ஸ்ட்ராக் ப்ரோ எஃப்எக்ஸின் பலம் கைக்கு இடம் இருப்பது. 6 அங்குல ஜாக் வீல், 100 மில்லிமீட்டர் டெம்போ ஃபேடர். ஃபேடரின் நீளம் ஏன் முக்கியம்? வேகத்தை மாற்றும் வீச்சை ±8 சதவீதமாக வைத்தால் 100 மில்லிமீட்டர் ஓட்டத்தில் 1 சதவீதத்துக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கிடைக்கும். 60 மில்லிமீட்டர் ஃபேடராக இருந்தால் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. 128 பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற கணக்கு) பாட்டில் 1 சதவீதம் என்பது 1.28 பிபிஎம், விரல் நுனி கொஞ்சம் கூடுதலாக அசைந்தாலும் தாளம் விலகிவிடும். தாளத்தைத் தானே பொருத்திவிடும் சிங்க் பொத்தானைத் தொடாமல், காதால் பீட்மேட்ச் (இரண்டு பாட்டின் தாளத்தைப் பொருத்துவது) பழக நினைப்பவருக்கும், ஸ்க்ராட்ச் பக்கம் ஆசை இருப்பவருக்கும் மூன்றில் இதுவே வசதி. எஃபெக்ட்டை இயக்கத் துடுப்பு போன்ற சுவிட்ச் இருப்பதால் சட்டென்று போட்டு எடுக்கலாம்.

உடன் வருவது செராட்டோ டிஜே லைட். தொடங்க அது போதும். முழு வசதி வேண்டுமென்றால் செராட்டோ டிஜே ப்ரோவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் எஃப்எல்எக்ஸ்4ஐவிட இது மலிவு என்ற கணக்கு மாறக்கூடும்.

இன்பல்ஸ் 300 எம்கே2 கற்றுக்கொடுப்பதற்கென்றே செய்த கருவி. டெம்போ ஃபேடர் அருகே இருக்கும் அம்பு விளக்குகள் வேகத்தைக் கூட்டவா குறைக்கவா என்று காட்டும். ஜாக் வீல் அருகே இருப்பவை பாட்டை முன்னே தள்ளவா பின்னே இழுக்கவா என்று காட்டும். சிங்க் போல வேலையைத் தானே செய்துவிடாமல், உங்கள் கை போகும் திசை சரியா என்று மட்டும் சொல்கிறது. முதலில் விளக்கைப் பார்த்துப் பொருத்துங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் காதால் பொருத்தி, மீண்டும் போட்டுச் சரிபாருங்கள். தனியாகப் பழகுகிறவருக்கு இந்த முறை பெரிய துணை. டிஜூஸ்டு மென்பொருள் இலவசம், பாடங்களும் உள்ளேயே உண்டு. ஆனால் மைக் உள்ளீடு இல்லை. கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா என்று அறிவிப்பும் சேர்த்துச் செய்ய நினைப்பவருக்கு இது ஒத்துவராது. மற்ற இரண்டிலும் மைக் துளை உண்டு. ஒலிப்பதிவு செய்கிறவர்கள் கவனிக்க: மிக்ஸ்ட்ராக்கில் மைக் ஒலி நேரே வெளியீட்டுக்குப் போகும், மென்பொருளுக்குள் வராது. எஃப்எல்எக்ஸ்4இல் யுஎஸ்பி வழியாக உள்ளே வரும்.

ஆக, கிளப்பில் வாசிக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் எஃப்எல்எக்ஸ்4. கைத்திறன்தான் குறி என்றால் மிக்ஸ்ட்ராக். வீட்டில் தனியாக, ஆசிரியர் இல்லாமல் என்றால் இன்பல்ஸ். எதற்கென்று இன்னும் தெரியாதவருக்கும் எஃப்எல்எக்ஸ்4ஐத்தான் சொல்வோம்.

எதை வாங்கினாலும் முதல் வாரத்தில் வரும் தொல்லைகள் ஒன்றேதான். ஒலி வெடித்து வெடித்து வந்தால் மென்பொருளில் பஃபர் அளவைப் பாருங்கள்; லேப்டாப் ஒலியை எவ்வளவு முன்கூட்டிச் சேமித்து வைக்கிறது என்பதுதான் அது. 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் தாமதம் சுமார் 3 மில்லிசெகண்ட், 512 என்றால் சுமார் 12. பழைய லேப்டாப் 128இல் திணறும். 256, பிறகு 512 என்று ஏற்றிப் பாருங்கள். விண்டோஸில் தயாரிப்பாளர் ஏஎஸ்ஐஓ டிரைவர் (ஒலியைத் தாமதமில்லாமல் அனுப்ப உதவும் மென்பொருள்) தந்திருந்தால் அதை முதலில் நிறுவிக்கொள்ள வேண்டும். கன்ட்ரோலரை மின் இணைப்பில்லாத யுஎஸ்பி ஹப்பில் செருகாதீர்கள். மின்சாரம் போதாமல் பாட்டின் நடுவில் இணைப்பு அறுந்துபோகும். ஸ்பீக்கரில் உறுமல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்புகள் வழியாக வரும் இரைச்சல். ஸ்பீக்கருக்குப் போகும் ஆர்சிஏ கேபிளுக்கு இடையில், அந்த இரைச்சலைத் தடுக்கும் ஐசொலேட்டர் போட்டால் தீரும்.

புளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஒலி 150 முதல் 200 மில்லிசெகண்ட்வரை தாமதமாக வருவது சகஜம். 128 பிபிஎம்மில் ஒரு பீட் 469 மில்லிசெகண்ட்தான்; மூன்றில் ஒரு பங்கு பீட் தள்ளிக் கேட்டால் எப்படிப் பொருத்துவது? கம்பி உள்ள, காதை மூடும் ஹெட்போன் வாங்குங்கள்.

பட்ஜெட் இடித்தால் பழைய டிடிஜே-400 நல்ல தேர்வு. வாங்கும் முன் லேப்டாப்பில் இணைத்து, டெம்போ ஃபேடரை மெதுவாக மேலிருந்து கீழே இழுத்துத் திரையில் எண் தாவுகிறதா என்று பாருங்கள். கியூ பொத்தானைப் பத்துப் பதினைந்து முறை வேகமாகத் தட்டிப் பாருங்கள், ஒரு தட்டுகூடத் தவறக்கூடாது. ஜாக் வீலின் மேற்பரப்பைத் தொட்டதும் பாட்டு நின்று, கையை எடுத்ததும் ஓட வேண்டும். ஹெட்போன் பின்னை லேசாக அசைக்கும்போது ஒரு காது மட்டும் அடங்கினால் அந்தக் கருவியை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.