கிணற்றடித் தொட்டியில் சோதித்து ஆற்றுக்குக் கொண்டுபோன பைகள்

யாழ்ப்பாணத்தில் ஆறு என்று காட்ட மழைகாலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாறுதான் இருக்கிறது. அதனால் நாங்கள் நான்கு பேர் களனி ஆற்றில் மூன்று நாள் கனூவில் (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய படகு) போவதென்று முடிவெடுத்தபோது, விசாரித்து அறிய அயலில் ஆள் இல்லை. கனூவும் வழிகாட்டியும் யட்டியாந்தோட்டையில் ஒழுங்காகிவிட்டன. சாமான் நனையாமல் பார்ப்பது எங்கள் பொறுப்பு. அதற்காகப் பட்டணத்தில் வாங்கிய நீர்புகாப் பைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தடித்த பிவிசிப் பை இரண்டு, 20 லீற்றர். மெல்லிய நைலோன் பை ஒன்று, 10 லீற்றர். மூன்றும் வாயை உருட்டிக் கிளிப்பில் கொளுவும் வகை.

பயணத்துக்கு ஒரு கிழமை முன்னர் கிணற்றடித் தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு பைக்குள்ளும் பழைய பேப்பரைப் போட்டு மூடி, மேலே கல் வைத்து இரவு முழுக்க அமிழ்த்தி விட்டேன். விடிய எடுத்துப் பார்த்தால் ஒரு பிவிசிப் பையில் பேப்பர் மொறுமொறுவென்று இருந்தது. மற்றதில் ஓரம் ஈரம். அதை இரண்டு சுற்றுத்தான் உருட்டியிருந்தேன். அடுத்த இரவு, முழங்காலால் அமத்திக் காற்றை வெளியேற்றி, வாயின் இரு உதடுகளையும் சுருக்கமில்லாமல் ஒட்டவைத்து நான்கு சுற்று உருட்டினேன். துளி நீர் இறங்கவில்லை. உதட்டில் ஒரு மணல் இருந்தாலும் அந்த வழியால் நீர் வரும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு உருட்டுங்கள்.

நைலோன் பை எத்தனை சுற்று உருட்டியும் தேறவில்லை. உள்ளே தையலை மூடி ஒட்டிய நாடா ஓரிடத்தில் கிளம்பியிருந்தது. விரல் நகத்தால் தூக்கினால் தையல் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. கொண்டுபோய்க் காட்டினேன். விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். காசு போனதைவிட, தொட்டியில் போட்டுப் பார்க்காமல் அதற்குள் போனை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம்தான் அன்று முழுக்க வருத்தியது.

சரி, ஆற்றுக்கு வருவோம். ஒரு பிவிசிப் பையில் வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், புழுக்கொடியல், நெருப்புப்பெட்டி. மற்றதில் மாற்றுடுப்பு, போன், ரோச் லைற். இரண்டாம் நாள் கரவனெல்லைக்குக் கீழே எங்கள் கனூ கல்லொன்றில் ஏறிக் கவிழ்ந்தது. லைஃப் ஜக்கெற் போட்டிருந்ததால் எங்களுக்கு ஒன்றுமில்லை. குறுக்குச் சட்டத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்த பைகள் இரண்டும் பூசணிக்காய் போல மிதந்தன. அன்று பொழுதுபட, வீட்டிலிருந்து கொண்டுபோன நீத்துப்பெட்டியில் அதே மாவில் புட்டு அவித்தோம். மா ஒரு இடத்திலும் கட்டிபடவில்லை. ஆனால் லேசான பிளாஸ்ரிக் வாசம் இருந்தது உண்மை. புதுப் பையை இரண்டு நாள் நிழலில் வாய் திறந்து தொங்கவிடுங்கள். மாவை மூடியுள்ள டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள்.

களனியின் மேற்பகுதியில் லக்சபான, பொல்பிட்டிய நீர்மின் நிலையங்கள் உள்ளன. அங்கிருந்து நீர் வந்தால் மழையில்லாத நாளிலும் ஆறு ஏறும் என்று வழிகாட்டி அண்ணை சொல்லி, காணிக்காரரிடம் கேட்டு மேட்டில் கூடாரம் போடவைத்தார். பைகளை மரக்கொப்பில் கட்டினோம். விடிய எழும்பிப் பார்க்க, இரவு இருந்து சாப்பிட்ட மணல்திட்டில் ஒரு முழத் தண்ணீர். முன்னிரவு சோம்பலில் பைகளை அங்கேயே விட்டுவிடலாம் என்று மச்சான் சொன்னது எல்லோருக்கும் நினைவு வந்தது.

குறை இரண்டு. தோள்பட்டி மெல்லியது, ஹன்வெல்லையில் கரையேறி பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தபோது தோள் கன்றிவிட்டது. அப்புறம், பைக்குள் ஒரே இருட்டு. அடியில் கிடந்த ரோச் லைற்றை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்டவேண்டியிருந்தது. உள்பக்கம் வெள்ளையாக இருக்கும் பை கிடைத்தால் அதை எடுங்கள்.

நான் வாங்கியபோது ஒரு பிவிசிப் பை 3,800 ரூபா. அதில் இன்னும் இரண்டு வாங்கப் போகிறேன். நைலோன் பையில் இப்போது அம்மா வெங்காயம் போட்டு வைத்திருக்கிறா.