சாம்பிள் மணந்தது, கேன் மணக்கவில்லை

மெழுகுவத்திக்கு வாசனை எண்ணெய் வாங்குகிறவர்கள், முக்கியமாக சாம்பிளை நம்பி மொத்தமாக எடுக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

வீட்டில் சோயா மெழுகில் மெழுகுவத்தியும், விளக்குக்கு மேல் தட்டில் வைத்து உருக்கும் வேக்ஸ் மெல்ட் வில்லைகளும் செய்து விற்கிறேன். ஒரு வளைகாப்புக்கு 100 கிராம் டின் 60 வேண்டும், மல்லிகை வாசனை என்று ஆர்டர் வந்தது. வாட்ஸ்அப்பில் கிடைத்த ஒரு மொத்த வியாபாரி 10 மில்லி சாம்பிள் அனுப்பினார். ஒரு டின் ஊற்றிப் பார்த்தேன். கூடத்தில் ஏற்றினால் அடுக்களை வரை மணந்தது. சரி என்று 2,600 ரூபாய்க்கு ஒரு கிலோ கேன் எடுத்தேன்.

தப்பு என்னுடையதும்தான். கேன் வந்ததும் அதிலிருந்து ஒரு டின் ஊற்றி எரித்துப் பார்த்திருக்க வேண்டும். நாள் இல்லை என்று நேராக வேலையில் இறங்கிவிட்டேன். 6 கிலோ மெழுகுக்கு 8 சதவீதம், 480 கிராம் எண்ணெய். 80 டிகிரியில் விட்டு, இரண்டு நிமிடம் கலக்கி, ஊற்றி, பன்னிரண்டு நாள் மூடி வைத்தேன். சோயா மெழுகில் வாசனை பிடிக்க ஒன்றிரண்டு வாரம் வேண்டும். ஊற்றி முடித்தபோது ஜக்கின் அடியில் கண்ணாடி மணி மாதிரி சில துளிகள் உருண்டன. கழுவிய தண்ணீர் போல என்று துடைத்துவிட்டேன். அங்கேயே விழித்திருக்கலாம்.

வளைகாப்பு முடிந்த மூன்றாம் நாள் பெண்ணின் அம்மா கூப்பிட்டார். "மெழுகு நல்லாத்தான் எரியுதும்மா, மல்லிகைதான் எங்கேன்னு தெரியலை." எனக்குக் காது சுட்டது.

வியாபாரியிடம் கேட்டால், "சூடு அதிகமா வச்சிருப்பீங்க மேடம், 15 சதவீதம் போட்டுப் பாருங்க" என்றார். அதையும் செய்தேன். மறுநாள் மெழுகின் மேல் முகத்தில் வியர்வை மாதிரி எண்ணெய் பூத்து நின்றது. ஏற்றினால் திரி படபடவென்று பொரிந்து அணைந்தது. ஜக்கின் அடியில் அதே மணிகள், இந்த முறை ஒரு கரண்டி அளவுக்கு.

அப்புறம்தான் இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு அக்கா சொன்னார்: "டிபிஜி கலந்திருப்பான், தண்ணியில போட்டுப் பாரு." டிபிஜி என்பது டைப்ரொப்பிலீன் கிளைகால். ரீட் டிஃப்யூஸருக்கும் (குச்சி சொருகி வைக்கும் வாசனைப் புட்டி) ஊதுபத்திக்கும் வாசனையை நீர்க்க வைக்க அதைச் சேர்ப்பது வழக்கம்தான். ஆனால் அது மெழுகில் கரையாது, பிரிந்து அடியில் போய்த் தங்கும். தண்ணீரில் நன்றாகக் கரையும். மெழுகுக்கான வாசனை எண்ணெய் இதற்கு நேர்மாறு.

மருந்துக்கடையில் இரண்டு 5 மில்லி சிரிஞ்ச் வாங்கி முனையை அடைத்தேன். ஒன்றில் மிச்சமிருந்த சாம்பிள் 2 மில்லி, இன்னொன்றில் கேன் எண்ணெய் 2 மில்லி. இரண்டிலும் 2 மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்கி ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்தேன். காலையில் பார்த்தால் சாம்பிளில் எண்ணெய் 2 மில்லி அப்படியே தனியாக நின்றது. கேனுடையதில் தண்ணீர் பாலாய்க் கலங்கி, எண்ணெய் ஒரு மில்லிக்கும் கீழே இறங்கியிருந்தது. பாதிக்கு மேல் கலப்படம். மூடியைத் திறந்து மோந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது, கேன் வாய் கமகமவென்றுதான் இருக்கும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இந்தச் சோதனையில் டிபிஜிதான் சிக்கும். வாசனையை நீர்க்க வைக்கும் இன்னொரு திரவமான டிஇபி (டைஎத்தில் தாலேட்) கலந்திருந்தால் சிக்காது, அது தண்ணீரில் கரையாத சரக்கு.

லேபிளிலேயே பொய் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். "100% இயற்கை மல்லிகை, நீராவியில் வடித்தது" என்று போட்டிருந்தது. மல்லிகையை நீராவியில் வடிக்க மாட்டார்கள், கரைப்பான் கொண்டுதான் சாறு எடுப்பார்கள். ஒரு கிலோ சாறுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோ பூ வேண்டும். முகூர்த்த நாளில் பூ வாங்கியவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும். செயற்கை வாசனை என்றே சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன், மெழுகுக்கு அதுதான் நிற்கும்.

பணம் திரும்பக் கேட்டேன். "சீல் உடைச்சா ரிட்டர்ன் இல்ல மேடம்." பில்லும் கிடையாது, பணம் போனது ஒரு தனிநபர் எண்ணுக்கு. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்து, வாட்ஸ்அப் பேச்சையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்திருக்கிறேன். பதிவு எண் வந்தது, அதற்குமேல் இன்னும் நகரவில்லை. 60 டின்னையும் வேறு எண்ணெயில் மறுபடி செய்து கொடுத்தேன்.

கேனில் பாக்கி இருப்பதை வீடு துடைக்கும் வாளியில் ஊற்றித் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீரில் நன்றாகவே கரைகிறது.