பத்துமணிப்பூவுக்கு எந்த இடம்? பல கோடைகள் வளர்த்துப் பார்த்ததில்

நர்சரியில் டேபிள் ரோஸ் என்று கேட்டு வாங்கும் பத்துமணிப்பூ, இடம் மட்டும் அமைந்துவிட்டால் வேறெதற்கும் அடம்பிடிக்காத செடி. நேர் வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். குறைந்தால் தண்டு நீண்டுகொண்டே போகும், மொட்டு வந்தாலும் விரியாது.

பலர் தவறுவது இங்கேதான். தை மாதத்தில் வெயில் விழும் இடத்தைப் பார்த்துத் தொட்டியை வைத்துவிடுகிறார்கள். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நேர் உச்சிக்கு வந்து, ஆகஸ்ட் பாதி தாண்டும்வரை நண்பகலில் வடக்கே நிற்கும். 20 அடி உயரச் சுவரின் நண்பகல் நிழல் டிசம்பர் கடைசியில் வடக்கே ஏறக்குறைய 15 அடி நீளும். ஜூன் கடைசியிலோ தெற்கே மூன்றரை அடி விழும். தையில் பளீரென்று இருந்த தெற்குச் சுவரோரம் ஆனியில் நாள் முழுக்க நிழல்தான். பங்குனியில் பூத்துக் குலுங்கிய தொட்டி நின்றுபோனால், உரம் போடும் முன் நிழலைப் பாருங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும்.

தரையில் நடுவதானால் வடக்குப் பக்கம், சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி வையுங்கள். பங்குனி நடுவிலிருந்தே வெயில் கிடைக்கும். கிழக்கு பால்கனி பரவாயில்லை. மேற்கு மட்டும் திறந்த பால்கனி வேண்டாம்: அங்கே வெயில் எட்டும் நேரத்தில் பூ மூடத் தொடங்கிவிடும்.

எல்லாவற்றிலும் மேல் மொட்டைமாடிதான். தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். அடித்துளை தரையோடு ஒட்டினால் நீர் தேங்கி வேர் அழுகும். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு போதும். தென்னைநார்க் கழிவை அதிகம் சேர்த்தால் ஈரம் போகவே போகாது. ஏசி தண்ணீர் சொட்டும் இடமும், மாடிநீர் இறங்கும் குழாய் வாயும் இந்தச் செடிக்கு ஆகவே ஆகாது. மேல்மண் ஓரங்குலம் காய்ந்தபின் தண்ணீர் விட்டால் போதும்.

மூன்று விரற்கடை நீளத் தண்டை ஒடித்து, அடி இலைகளை உருவிச் செருகினால் பத்து நாளுக்குள் வேர் பிடிக்கும். ஐப்பசி அடைமழையில் தாய்ச்செடி பெரும்பாலும் அழுகிவிடும். புரட்டாசி கடைசியிலேயே நாலைந்து தண்டுகளைச் சின்னத் தொட்டியில் செருகி, சாரல் படாத வெளிச்சமான ஜன்னலோரம் வைத்துக்கொள்ளுங்கள்.