ஜான் பிரைன் ஏழு சிடி பெட்டி: எதை முதலில் போடுவது, எதைத் தள்ளி வைப்பது

'க்ரூக்கட் பீஸ் ஆஃப் டைம்' என்ற பெயரில் ரைனோ நிறுவனம் 2020 அக்டோபரில் வெளியிட்ட பெட்டி இது. அமெரிக்கப் பாடகர் ஜான் பிரைன் 1971 முதல் 1980 வரை அட்லாண்டிக், அசைலம் ஆகிய இரண்டு கம்பெனிகளுக்குப் பாடிக் கொடுத்த ஏழு ஆல்பங்களும், ஒலியைப் புதிதாகச் சீர்செய்து, ஏழு சிடிகளாக உள்ளே இருக்கின்றன. கன்ட்ரி, ஃபோக், ப்ளூஸ் எல்லாம் கலந்த அமெரிக்கானா வகைப் பாட்டை முதன்முதலாகக் காசு கொடுத்து வாங்க நினைக்கும் மதுரைக்காரருக்கு இது நல்ல தொடக்கம். ஆனால் பெட்டியில் அடுக்கியிருக்கும் வரிசைப்படியே போட்டால் நான்காவது சிடியில் ஆள் எழுந்து போய்விடுவார். 1, 5, 2, 3 என்று போடுங்கள். மற்ற மூன்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிரைன் 1946இல் சிகாகோவை ஒட்டிய மேவுட் என்ற ஊரில் பிறந்தவர். பெற்றோரின் பூர்வீகம் தெற்கே கென்டக்கி மாநிலம். கிட்டார் சொல்லிக் கொடுத்தவர் அண்ணன் டேவ். பள்ளி முடித்ததும் தபால்காரர் வேலை. 1966இல் ராணுவம் அழைத்தது. வியட்நாமுக்கு அனுப்பாமல் மேற்கு ஜெர்மனியில் வண்டி ரிப்பேர் பார்க்க வைத்தார்கள். திரும்பி வந்து மறுபடியும் தபால் பையைத் தூக்கினார். அந்த ஊரில், தபால்காரர் வழியில் எடுத்துக்கொள்வதற்காகக் கடிதக் கட்டுகளை முன்கூட்டியே போட்டு வைக்கும் இரும்புப் பெட்டிகள் தெருவோரம் இருக்கும். சிகாகோ குளிர்காற்றுக்குப் பயந்து அதற்குள் ஒதுங்கி, சாண்ட்விச் தின்றபடி பாட்டு யோசித்தவர் இவர். முதியவர்களின் தனிமையைப் பாடும் 'ஹலோ இன் தேர்' அந்தத் தபால் சுற்றில் பிறந்த பாட்டு. எழுதும்போது வயது இருபத்தைந்தைத் தொடவில்லை.

1970 அக்டோபரில் சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகையின் சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட், படத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பீர் குடிக்க ஒரு கடைக்குள் நுழைந்தார். அங்கே பாடிக்கொண்டிருந்த தபால்காரரைப் பற்றி அவர் எழுதியதுதான் பிரைனுக்குக் கிடைத்த முதல் விமர்சனம். அடுத்த வருஷம் பாடகர் கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் நியூயார்க் மேடையில் ஏற்றிவிட, மறுநாளே அட்லாண்டிக் கம்பெனியின் ஜெரி வெக்ஸ்லர் 25,000 டாலர் ஒப்பந்தத்தை நீட்டினார்.

முதல் சிடி அந்த ஒப்பந்தத்தின் விளைவு. பதிவு மெம்ஃபிஸ் நகரில், எல்விஸ் 1969இல் பாடிய அதே அமெரிக்கன் சவுண்ட் ஸ்டுடியோவில். தயாரிப்பு ஆரிஃப் மார்டின். புதுச் சட்டை போட்டுப் பெண் பார்க்கப் போனவர்போல விறைப்பாகப் பாடியிருக்கிறார். பின்னாளில் இதே பாட்டுகளை மேடையில் எவ்வளவோ தளர்வாகப் பாடினார். இருந்தாலும் எழுத்தில் இந்த ஆல்பத்தை அவரே தாண்டவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலமும் பயமுறுத்தாது. வீட்டுத் திண்ணையில் பேசுகிற சொற்கள்தான். பிளஸ் டூ ஆங்கிலம் போதும், ஒரே பாட்டை மூன்று தடவை கேட்டால் கதை பிடிபட்டுவிடும்.

இதில் 'பாரடைஸ்' பாட்டுக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். இதை மெம்ஃபிஸில் பதியவில்லை, நியூயார்க்கில் பதிந்தார்கள். ட்ரம்ஸ் கிடையாது, அண்ணன் டேவின் ஃபிடில் உண்டு. மூன்று எண்ணும் தாளம், நம் கணக்கில் திஸ்ரம். பாரடைஸ் என்பது கென்டக்கியில் கிரீன் ரிவர் ஆற்றங்கரையில் இருந்த, அப்பாவழிப் பூர்வீக ஊர். மேல்மண்ணை உரித்துப்போட்டு நிலக்கரி எடுத்தார்கள். பாட்டு மொத்தப் பழியையும் பீபாடி கம்பெனியின் நிலக்கரி ரயில் மேல் ஏற்றுகிறது. நடந்தது கொஞ்சம் வேறு. பக்கத்தில் எழுந்த அனல்மின் நிலையத்தின் சாம்பல் ஊர்மேல் கொட்டிக்கொண்டே இருந்ததால், மிச்சமிருந்த வீடுகளை 1967இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் விலைக்கு வாங்கி ஊரையே காலி செய்தது. மேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் பாட்டுக்குப் பொழிப்புரை தேவைப்படாது. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டியையும் சேர்த்து 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராக மக்கள் கிளம்பிய பிறகு 2025 ஜனவரியில் ரத்து வந்தது. கென்டக்கி ஊருக்கு அந்த யோகம் இல்லை.

பிரைனின் அப்பா இந்த ரெக்கார்டு கடைக்கு வரும் முன்பே இறந்துவிட்டார். அதற்குமுன் ஒலிநாடாவைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார் மகன். 'பாரடைஸ்' வந்ததும் அப்பா எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, ஜூக்பாக்ஸில் (காசு போட்டால் பாடும் பெட்டி) ஓடுகிற மாதிரி நினைத்துப் பார்க்கத்தான் என்றாராம்.

ஐந்தாவது சிடி 'ப்ரூஸ்டு ஆரஞ்ச்', 1978. நண்பர் ஸ்டீவ் குட்மன் தயாரித்தது. குரல் தளர்ந்து இயல்புக்கு வந்துவிட்டது, வாத்தியங்கள் பாட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கின்றன. இதிலே நமக்கென்று ஒரு பாட்டு இருக்கிறது: 'சாபு விசிட்ஸ் த ட்வின் சிட்டீஸ் அலோன்'. மைசூர் யானைப்பாகன் மகன் சாபுவை 1937இல் 'எலிஃபன்ட் பாய்' படத்தில் நடிக்க வைத்து உலகம் முழுக்கக் காட்டினார்களே, அந்தச் சாபுதான். விளம்பரத்துக்காக அவரை மினசோட்டாப் பனியில் தனியாக ஊர் சுற்ற விட்டால் எப்படி இருக்கும் என்ற கற்பனை. கேட்க வேடிக்கையாகத் தொடங்கி, முடியும்போது அந்தப் பையனுக்கு ஒரு கம்பளி வாங்கிக் கொடுக்கலாமா என்று தோன்றிவிடும்.

இரண்டாவது 'டயமண்ட்ஸ் இன் த ரஃப்', 1972. அண்ணனும் குட்மனும் டேவிட் ப்ராம்பெர்க்கும் சுற்றி உட்கார்ந்து வாசித்த, பூச்சு இல்லாத பதிவு. தலைப்புப் பாட்டு கார்ட்டர் குடும்பத்தாரின் பழைய பாட்டு. வாத்தியமே இல்லாமல் குரல்கள் மட்டும். கிட்டார் கற்பவருக்கு மற்ற ஆறைவிட இதுதான் லாபம், ஒவ்வொரு கம்பியும் தனியாகக் காதில் விழும். இவர் வாசிப்பில் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும், மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டை எடுக்கும். தவிலில் தொப்பிப் பக்கம் கட்டி நிறுத்த, வலந்தலைப் பக்கம் விரல்கள் பேசுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்றுதான்: பாட ஆரம்பித்ததும் கட்டைவிரல் வார்த்தையைத் துரத்த ஓடிவிடும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு வாரம் கட்டைவிரலை மட்டும் ஓட்டுங்கள். அதன்மேல் சும்மா பேச்சு பேசிப் பாருங்கள். பேச்சிலும் தாளம் தவறவில்லை என்றால் பாடத் தொடங்கலாம். பாட்டுக்குப் பிடிக்க வேண்டிய கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்) பெரும்பாலும் மூன்று, நான்குதான். குரலுக்குச் சேராவிட்டால் கிட்டார் கழுத்தில் மாட்டும் கவ்வியான கேப்போவை ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது 'ஸ்வீட் ரிவெஞ்ச்' கொஞ்சம் சத்தம் கூடின, நல்ல ஆல்பம். நான்காவது 'காமன் சென்ஸ்' (1975) ஸ்டீவ் க்ராப்பர் தயாரிப்பு. பித்தளை வாத்தியங்கள் பாட்டை அமுக்கிவிடுகின்றன. ஆறாவது 'பிங்க் கேடிலாக்' மெம்ஃபிஸில், எல்விஸை முதலில் பதிவு செய்த சாம் பிலிப்ஸின் மகன்கள் செய்தது, இரண்டு பாட்டுக்குச் சாம் பிலிப்ஸே வந்து உட்கார்ந்தார். ராக்-அண்ட்-ரோல் பிரியர்கள் கொண்டாடுவார்கள், வார்த்தைக்காக வருகிறவர் குரலைத் தேடவேண்டியிருக்கும். ஏழாவது 'ஸ்டார்ம் விண்டோஸ்' மசில் ஷோல்ஸ் பதிவு, மிதமானது, குறையொன்றும் இல்லை.

பாட்டு போகட்டும், சாமானுக்கு வருவோம். ஒவ்வொரு சிடிக்கும் பழைய எல்பி அட்டையைச் சின்னதாக்கிய அட்டை உறை. பார்க்க அழகு, புழங்கத் தொல்லை. சிடியை இரண்டு விரலால் கிள்ளி இழுத்தால் பாட்டு இருக்கும் பக்கம் அட்டையில் உரசிக் கீறல் விழும். உறையின் இரண்டு ஓரத்தையும் லேசாக அமுக்கி வாயைத் திறந்து, சாய்த்து, சிடியைத் தானாகக் கையில் வழுக்க விடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் உள்ளுறை ஏழு வாங்கிப் போட்டுவிட்டால் இந்தக் கவலையே இல்லை. தூசு படிந்தால் பழைய பருத்தி வேட்டித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். எல்லோரும் வட்டமாகத் துடைப்பார்கள். அப்படித் துடைத்து விழும் கீறல் பாட்டு ஓடும் திசையிலேயே நீளமாக விழும், பிளேயரால் அதைச் சமாளிக்க முடியாது. குறுக்கே விழும் கீறலை அது பிழைதிருத்திக் கடந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டை ஊதும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு பெட்டிக்குள் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சி அட்டையின் பசையைத் தேடி வந்துவிடும். அந்துருண்டை வேண்டாம், வாடை அட்டையில் ஏறினால் போகவே போகாது. சித்திரை வெயிலில் காரை நிறுத்திவிட்டு டேஷ்போர்டு மேல் சிடியை விட்டுப் போகிறவருக்கு இந்தப் பெட்டியை விற்கவே கூடாது.

சிடி டிரைவ் இப்போது எந்த லேப்டாப்பில் இருக்கிறது? டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் யூஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒன்று விசாரித்து வாங்கி, வந்த அன்றே ஏழையும் கம்ப்யூட்டரில் இறக்கிவிடுவது புத்திசாலித்தனம். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில் செக்யூர் முறையைத் தேர்ந்து, ஒலித் தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக எடுங்கள். ஒரு ஆல்பம் ஏறத்தாழ 250 எம்பி, மொத்தமும் 2 ஜிபிக்குள் அடங்கும். பழைய கார் ஸ்டீரியோ பலவும் ஃபிளாக்கைத் தொடாது. அதற்கு 320 கேபிபிஎஸ் எம்பி3 தனியாக எடுத்து, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட வேண்டும். கோப்புப் பெயர் முன்னால் 01, 02 என்று எண் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஸ்டீரியோ அகர வரிசையில் கலைத்துப் போட்டுவிடும்.

கேட்கும்போது இன்னொரு சிக்கல் வரும். நம்மூர்க் கார்களில் பேஸ் எப்போதும் குத்துப்பாட்டுக்கு ஏற்றி வைத்தபடியே இருக்கும். பிரைன் குரல் அதில் மூழ்கிவிடும். லவுட்னஸை அணைத்து, பேஸைப் பூஜ்யத்துக்கு இறக்கி, நடு ஒலியான 'மிட்'டை 2 ஏற்றுங்கள். கைக்கடக்கமான ப்ளூடூத் ஸ்பீக்கரில் நேர்மாறான சங்கடம்: கிட்டாரின் ஆகத் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன டப்பா அதை விழுங்கிவிடும், கட்டைவிரல் வாசிப்பில் பாதி காணாமல் போகும். சுமாரான இயர்போனே மேல்.

இந்தப் பெட்டி பிரைனின் முதல் பத்து வருஷம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. இதற்குப் பிறகு பெரிய கம்பெனிகள் வேண்டாம் என்று நண்பர்களோடு ஓ பாய் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1991 ஆல்பம் 'த மிஸ்ஸிங் இயர்ஸ்' கிராமி வாங்கியது அதன் பெயரில்தான். 1998இல் கழுத்தில் புற்றுநோய் அறுவை சிகிச்சை. அதன்பின் குரல் இறங்கி, கரகரத்து, வேறு ஆளாகிவிட்டது. இந்தப் பெட்டியில் இருப்பது அதற்கு முந்தைய மூக்குக் குரல். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்க 2018இல் வந்த 'த ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னஸ்' தனியாக வாங்க வேண்டும். 2020 ஏப்ரல் 7 அன்று கொரோனாவில் 73 வயதில் இறப்பதற்கு முன் அவர் வெளியிட்ட கடைசிப் புதுப்பாட்டு ஆல்பம் அது. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால் பெட்டியையும் அதையும் ஒரே பார்சலில் போடச் சொல்லுங்கள், தபால் செலவு ஒன்றோடு போகும்.