பித்தளை விலை கொடுத்து ஜிங்க் வாங்கினேன்: கஸ்டம் கிட்டார் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைச் சொல்லிச் செய்ய வைக்கலாம் என்று நினைக்கிற கடலோரத்து ஆட்கள், அட்வான்ஸ் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி, எங்கே இருந்தாலும் சரி. செய்து கொடுத்தவர் வெளியூர்க்காரர், பெரிய நகரத்தில் பட்டறை வைத்திருப்பவர். புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். எந்த வழியில் ஏமாற்றினார் என்பதை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். அதே வழியை வேறு யாரும் பிடிக்கலாம்.

நான் தங்கச்சிமடம். கோயில் பாடகர் குழுவிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் வாசிக்கிறேன். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே துரு தின்று ஓய்த்து, 2025இல் புதுப் பாலம் திறந்த ஊர் எங்களுடையது. கடைக் கிட்டார் எம்மாத்திரம்? ஒரு கச்சான் காலம் (மேல்காற்று வீசும் மாதங்கள்) தாண்டினால், உடம்பில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜின் ஸ்க்ரூ இறுகிவிடும், ட்யூனிங் சாவி கரகரக்கும். அதனால்தான் தனியாகச் செய்யச் சொன்னேன். நான் எழுதிக் கொடுத்ததில் முக்கால்வாசி உலோகத்தைப் பற்றித்தான்: ஃப்ரெட் (விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கட்டைகள்) எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பிரிட்ஜும் அதன்மேல் கம்பி உட்காரும் சேடிலும் பித்தளை, ஸ்க்ரூ ஒன்றுகூட சாதா இரும்பாக இருக்கக் கூடாது. வழக்கமான சாமான் போட்டால் 36,000 ரூபாய், நான் கேட்டபடி என்றால் 45,000 என்றார். சரி என்றேன். ஆக, 9,000 ரூபாய் உலோகத்துக்காகவே கொடுத்தது.

வேலை நடந்த காலத்தில் மரத்துக்குத்தான் ராஜ மரியாதை. மகாகனிப் பலகையை இழைக்கிற வீடியோ, ரேகை தெரியத் தண்ணீர் தடவிய போட்டோ, விரலால் தட்டிக் காட்டி “கேளுங்க பிரதர், கோயில் மணி மாதிரி இருக்கு” என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். பிரிட்ஜைக் காட்டுங்கள் என்றால் “வந்துட்டு இருக்கு பிரதர்” என்பார். மரத்தில் அவர் பொய் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு வால்யூம் குழியைத் திறந்து, பெயின்ட் படாத இடத்தை எங்கள் ஊர் ஆசாரியிடம் காட்டினேன். மகாகனியேதான். நாம் எதைக் கேட்டு வாய் பிளப்போமோ அந்த இடத்தில் சுத்தமாக இருந்துகொள்வதுதான் இந்த வித்தையே. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பி அதிர்வதைப் பிடித்து அனுப்புவது பிக்கப்பில் இருக்கும் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும். உடம்பு மரம் அந்தச் சத்தத்தை எவ்வளவு மாற்றும் என்பதில் வாசிக்கிறவர்களுக்குள்ளேயே தீராத சண்டை உண்டு, அதற்குள் நான் போகவில்லை. உப்புக்காற்றில் முதலில் போகிற சாமான் எது என்பதில் மட்டும் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

விடாமல் கேட்டதால் ஒருநாள் வீடியோ காலில் பிரிட்ஜைக் காட்டினார். கையில் ஒரு காந்தம். “பாருங்க, ஒட்டுதா? ஒட்டலைல? ஒரிஜினல் பித்தளை.” காந்தம் ஒட்டவில்லை என்பது உண்மை. பித்தளையில் ஒட்டாது என்பதும் உண்மை. ஜிங்க், அதாவது துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. இரும்பு என்று சொல்லி வேறொன்றைத் தந்தால் காந்தம் காட்டிக்கொடுக்கும். பித்தளை என்று சொல்லி ஜிங்க் தருகிறவருக்கு அதே காந்தம் சாட்சி சொல்லும்.

கிட்டார் வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. கச்சான் தொடங்கியதும் பிரிட்ஜ் ஓரத்தில் முலாம் கொப்பளித்தது. நகத்தால் தட்டினால் பொருக்காக உரிந்து, அடியில் வெள்ளைப் பொடி. பித்தளை கெட்டால் பச்சைப் பூக்கும், கறுக்கும். வெள்ளைப் பொடி எங்கிருந்து வருகிறது? கழற்றி எடுத்துக்கொண்டு மண்டபத்தில் படகு இன்ஜின் வேலை பார்க்கிற லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருக்கும் மாமா கையில் வாங்கி எடை பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டார்.

“இதையா மாப்ள பித்தளைன்னு குடுத்தான்?”

அடிப்பக்கம் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். பித்தளையாக இருந்தால் மஞ்சள் தெரிய வேண்டும். தெரிந்தது சாம்பல் வெள்ளை. “ஜிங்க் காஸ்டிங். கப்பலுக்கு அடியில இதைத்தான் கட்டித் தொங்க விடுவான். உப்பு மத்ததை விட்டுட்டு முதல்ல இதைத் திங்கணும்னு. நீ கிட்டாருக்கு வாங்கிட்டு வந்திருக்க” என்றார்.

ஜிங்க் கலவையில் பிரிட்ஜ் வார்ப்பது ஒன்றும் குற்றமில்லை. பெயர் பெற்ற கம்பெனிக் கிட்டார்களிலும் அது உண்டு, திருச்சியிலோ மதுரையிலோ வருஷக்கணக்கில் நன்றாகவே இருக்கும். பித்தளை என்று எழுதி, பித்தளைக் காசு வாங்கி, பாம்பன் தாண்டி அனுப்பினதுதான் மோசடி.

பிரிட்ஜில் ஒரு பொய் தெரிந்ததும் மற்றதையும் கிளறினேன். ஃப்ரெட் ஓரங்களில் ஏற்கெனவே பச்சை படிந்திருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பச்சைப் பூக்காது, செம்பு கலந்த உலோகம்தான் பூக்கும். போட்டிருந்தது வழக்கமான நிக்கல் சில்வர். பெயரில் வெள்ளி இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட் கடினமானது, வெட்டவும் ராவவும் கருவி தேயும், அதனால்தான் கூலியும் கூட. அந்தக் கூலியையும் என்னிடம் வாங்கியிருந்தார். அல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம்) என்று எழுதியிருந்த சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப்பைக் கவிழ்த்தால், இரும்புக் குச்சிகளுக்கு அடியில் செராமிக் பட்டைக் காந்தம் ஒட்டியிருந்தது. அல்நிக்கோ வகையில் அந்தக் குச்சிகளே காந்தமாக இருக்கும். ஸ்க்ரூவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லாம் துரு.

இதையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில்: “உங்க ஊர் உப்புக்காத்து பிரதர், நாங்க என்ன பண்றது?”

இந்தச் சாக்கு உங்களுக்கும் வரும், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். அதற்குள் நெக்கின், அதாவது கிட்டார் கழுத்தின் இரண்டு ஓரத்திலும் ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீற ஆரம்பித்திருந்தன. அதற்கும் அதே காற்றைத்தான் காரணம் காட்டினார். ஃப்ரெட் நீளவில்லை, அது பதிந்திருக்கும் ஃபிங்கர்போர்டு மரம் சுருங்கியிருக்கிறது. வாத்தியத்துக்கு எடுக்கும் மரத்தை 6 முதல் 8 சதவீத ஈரத்துக்கு உலர்த்திக்கொள்வது வழக்கம். எங்கள் கடற்காற்றில் கிடக்கிற மரத்தில் 12 சதவீதத்துக்கு மேல் ஈரம் நிற்கும். ஒழுங்காக உலர்ந்த மரம் இங்கே வந்தால் ஈரம் குடித்து ஊத வேண்டும், ஃப்ரெட் முனை உள்ளே போக வேண்டும். இங்கே வந்து சுருங்கியது என்றால், ராமேஸ்வரம் தீவுக் காற்றைவிட ஈரமான பலகையில் அவர் வேலை பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். இப்படி எழுதிக் கேட்டேன். மெசேஜைப் பார்த்த அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. சில நாள் கழித்து, “கூரியர் செலவு நீங்க போட்டு அனுப்புங்க, சர்வீஸ் பண்ணித் தர்றோம்” என்றார். காசைத் திருப்பிக் கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிந்தேன். விற்றவர் வெளியூர் என்பதால் அங்கே போய் அலைய வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்திருக்கிறேன். கையில் வலுவாக இருப்பது அவர் வாட்ஸ்அப்பில் “ஃபுல் பித்தளை, எஸ்.எஸ். ஃப்ரெட்” என்று எழுதிய ஒரே வரி (எஸ்.எஸ். என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). பில்லில் “கஸ்டம் கிட்டார் - 1” என்று மட்டும் போட்டிருந்தார்.

ஆகவே பில் போடும்போது பிரிட்ஜ், சேடில், ஃப்ரெட், ட்யூனர், பிக்கப், ஸ்க்ரூ என்று ஒவ்வொன்றுக்கும் என்ன உலோகம், என்ன மாடல் என்று எழுதச் சொல்லுங்கள். முடியாது என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். இன்னும் நல்லது, உலோகச் சாமானை நீங்களே வாங்கி அவர் கையில் கொடுப்பது. பித்தளை என்றால் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு அரம் இழுத்துப் பாருங்கள். ஸ்க்ரூவைப் படகுச் சாமான் கடையில் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேளுங்கள். வழக்கமான 304 கிரேடைவிட உப்பைத் தாங்கும், அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. நெக் மரத்துக்கு, ஃபிங்கர்போர்டு ஒட்டும் முன் ஈரமானியை வைத்து எண் தெரிகிற மாதிரி போட்டோ கேளுங்கள். விரலால் தட்டிக் காட்டும் வீடியோ வேண்டாம்.

இப்போதைக்கு மண்டபத்து மாமா பித்தளைப் பட்டையில் ஒரு பிரிட்ஜ் கடைந்து கொடுத்திருக்கிறார். நீட்டிய ஃப்ரெட் முனைகளை ராவிவிட்டேன், வாசிக்க முடிகிறது. பழைய பிரிட்ஜை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன். ஆணையத்தில் கேட்டால் காட்ட வேண்டும்.