தலைப்பு ஒத்துப்போகாத எக்ஸெல் ஃபைல்களை ஒன்றாக்குவது: பவர் குவெரியோடு என் நீண்ட நாள் அனுபவம்

மளிகை மொத்த வியாபாரத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதம் முடிந்ததும் ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒரு விற்பனை ஷீட் வரும். எல்லாவற்றிலும் விவரம் ஒன்றுதான்: பில் எண், தேதி, வாங்கியவரின் ஜிஎஸ்டி எண், ஹெச்எஸ்என் (பொருளின் வகை எண்), அளவு, மதிப்பு, வரி. ஆனால் ஒரு கிளை 'பில் எண்' என்று போடும், இன்னொன்று 'இன்வாய்ஸ் நம்பர்' என்று போடும், வேறொன்று 'பில் நெ.' என்று முடித்துவிடும். ஒன்றில் தேதி முதலில், ஒன்றில் கடைசியில். சிலர் மேலே கடைப் பெயரும் முகவரியும் போட்டு நான்காம் வரியில்தான் தலைப்பைத் தொடங்குவார்கள். இவற்றை ஒரே அட்டவணையாக்கும் வேலையைச் சில ஆண்டுகளாக எக்ஸெலின் பவர் குவெரியில்தான் செய்துவருகிறேன். பல ஃபைல்களிலிருந்து தரவை எடுத்து, படிப்படியாகச் சீராக்கிச் சேர்க்கும் கருவி அது; அந்தப் படிகளின் தொகுப்புக்குத்தான் 'குவெரி' என்று பெயர். இன்னும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் அது தானாக எழுதித் தரும் ஒரு குறியீட்டு வரியை மாற்றாமல் யாரும் பயன்படுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

எக்ஸெல் 2010-க்கும் 2013-க்கும் இது தனியாக இறக்கிச் சேர்க்க வேண்டிய ஆட்-இன்னாக இருந்தது. 2016 முதல் டேட்டா மெனுவுக்குள்ளேயே வந்துவிட்டது, தனியாகக் காசு கிடையாது. ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் போட்டு 'ஃப்ரம் ஃபோல்டர்' கொடுத்தால் எல்லாவற்றையும் அடுக்கித் தரும். அடுத்த மாத ஃபைலைப் போட்டு ரிஃப்ரெஷ் அழுத்தினால் போதும்.

காப்பி-பேஸ்ட்டோ புதிய எக்ஸெலில் உள்ள விஸ்டாக் ஃபார்முலாவோ இந்த வேலைக்குச் சரிவராது. இரண்டுமே இடத்தைப் பார்த்து ஒட்டுபவை. முதல் ஷீட்டின் மூன்றாம் நெடுவரிசைக்குக் கீழே அடுத்த ஷீட்டின் மூன்றாம் நெடுவரிசை வந்து உட்காரும், அது தேதியா அளவா என்ற கேள்வியே இல்லை. பவர் குவெரி பெயரைப் பார்த்துச் சேர்க்கிறது. வரிசை மாறியிருந்தால் கவலை இல்லை. ஒரு ஃபைலில் இல்லாத நெடுவரிசைக்கு அந்த ஃபைலின் வரிகளில் 'நல்' என்று வெற்றாக நிற்கும்.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். 'கம்பைன் ஃபைல்ஸ்' பொத்தானை அழுத்தும்போது ஒரு ஃபைலை மாதிரியாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் வேறு சொல்லாவிட்டால் முதல் ஃபைல்தான் மாதிரி. கடைசியில், ஒவ்வொரு ஃபைலும் ஒரு கட்டத்துக்குள் சுருங்கி நிற்கும் அட்டவணைகளை விரிக்கும் 'எக்ஸ்பாண்டட் டேபிள் காலம்' என்ற படியில், எந்தெந்த நெடுவரிசைகளை விரிப்பது என்ற பட்டியலை அந்த மாதிரி ஃபைலிலிருந்து மட்டுமே எடுக்கிறது. மாதிரி ஃபைலில் இல்லாத தலைப்பு வேறு ஃபைலில் இருந்தால், அது சத்தமில்லாமல் விழுந்துவிடும். பிழைச் செய்தி இல்லை, அட்டவணையில் உள்ள வரிகளின் எண்ணிக்கையும் சரியாகவே இருக்கும். ஒரு கிளை மட்டும் 'கழிவு' (தள்ளுபடி) என்று நெடுவரிசை வைத்திருந்தால், கடைசி அட்டவணையில் அந்தக் கழிவு இருந்த சுவடே இருக்காது. எக்ஸெல் சிவப்பாகக் கத்தும் பிழைகளை நான் மதிக்கிறேன், அவை என்னை நிறுத்திப் பார்க்கவைக்கின்றன. பயப்பட வேண்டியது இந்த மௌனத்துக்குத்தான்.

மாற்றம் எளிது. விரிக்கும் படியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் அட்டவணைகள் இருக்கும் நெடுவரிசையை டேபிள்.கம்பைன் என்ற பவர் குவெரி ஃபார்முலாவுக்குக் கொடுத்தால் எல்லா ஃபைல்களின் எல்லாத் தலைப்புகளும் வந்து நிற்கும். ஃபைல் பெயர் வேண்டுமென்றால் அதை முன்பே ஒவ்வொரு அட்டவணைக்குள்ளும் சேர்த்துவிட வேண்டும். நான் எப்போதும் சேர்ப்பேன், எந்த வரி எந்தக் கிளையுடையது என்று தெரியாத அட்டவணையை வைத்து யாரிடமும் பேச முடியாது.

அடுத்தது தலைப்புகளைச் சுத்தம் செய்வது. பவர் குவெரிக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு, கடைசியில் ஓர் இடைவெளி இருந்தாலும் அது வேறு தலைப்புதான். பவர் குவெரியின் டெக்ஸ்ட்.ட்ரிம் ஃபார்முலா இரு ஓரங்களில் உள்ள இடைவெளியை மட்டுமே வெட்டும். எக்ஸெலின் ட்ரிம் ஃபார்முலாவைப் போல நடுவில் உள்ள இரட்டை இடைவெளியை ஒன்றாக்காது. ஆல்ட்-என்டர் போட்டு இரண்டு வரியாக உடைத்த தலைப்பை, கண்ணுக்குத் தெரியாத குறிகளை நீக்கும் டெக்ஸ்ட்.க்ளீனுக்கு அனுப்பினால் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொள்ளும். அதனால் வரி முறிப்பை முதலில் இடைவெளியாக மாற்றிவிட்டுத்தான் மற்றவை.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 'தொகை' என்ற சொல்லில் உள்ள கொம்பும் காலும் யூனிகோடில் (கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) ஒரே குறியாகவும் வரலாம், தனித்தனி இரண்டு குறிகளாகவும் வரலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். பவர் குவெரிக்கோ அவை இரண்டு வெவ்வேறு நெடுவரிசைகள். கண்ணால் எத்தனை முறை பார்த்தாலும் பிடிபடாது. 3014, 3006 எண்ணுள்ள குறிகள் அடுத்தடுத்து வந்தால் 3018 என்றும், 3015, 3006 வந்தால் 3019 என்றும் மாற்றும் ஒரு சிறு படியை நிரந்தரமாகவே வைத்திருக்கிறேன். தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தாலும் 'இன்வாய்ஸ் நம்பர்' தானாக 'பில் எண்' ஆகிவிடாது. அதற்கு ஒரு தனி ஷீட்டில் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறேன்: வந்த பெயர், ஆக வேண்டிய பெயர், எந்தக் கிளை. டேபிள்.ரீநேம்காலம்ஸ் அந்தப் பட்டியலைப் படித்துப் பெயர் மாற்றும். மிஸ்ஸிங்ஃபீல்டு.இக்னோர் சேர்த்தால், இல்லாத தலைப்பைத் தேடி நின்றுவிடாது. கிளை என்ற மூன்றாவது நெடுவரிசை எதற்கு? ஒரு கிளையின் 'தொகை' வரி சேர்த்தது, இன்னொரு கிளையின் 'தொகை' வரிக்கு முந்தையது. பெயர் ஒன்றாக இருந்து பொருள் வேறாக இருப்பதை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது. அந்தக் கிளையில் பில் போடுபவரிடம் ஒரு முறை போனில் கேட்டு எழுதிக்கொள்ளத்தான் வேண்டும். அப்புறம், மதிப்பை வரி விகிதத்தால் பெருக்கினால் வரி வருகிறதா என்று சரிபார்க்கும் ஒரு நெடுவரிசையும் வைத்திருக்கிறேன்.

பட்டியலில் இல்லாத தலைப்பு ஏதாவது வந்தால் அதை மட்டும் காட்டும் தனிக் குவெரி ஒன்றும் உண்டு. ஒவ்வொரு ஃபைலின் தலைப்புகளையும் எடுத்துப் பட்டியலோடு 'லெஃப்ட் ஆன்டி' முறையில் இணைத்தால் புதியவை மட்டும் மிஞ்சும். அது காலியாக இருந்தால்தான் மேலே போவேன். நான் கட்டியதில் அதிகம் பயன்பட்டது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஒவ்வொரு நெடுவரிசையும் எண்ணா, எழுத்தா, தேதியா என்று ஊகித்து மாற்றும் 'சேஞ்ச்டு டைப்' என்று தானாகச் சேரும் படியை உடனே நீக்கிவிடுவது என் வழக்கம். மஞ்சளின் ஹெச்எஸ்என் 0910, மிளகுக்கும் மிளகாய்க்கும் 0904, பருப்புக்கு 0713. எண் என்று நினைத்து வகை மாற்றினால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் போய் 910, 904, 713 என்று நிற்கும். எல்லாவற்றையும் முதலில் எழுத்தாக வைத்து, ஒன்றாக்கிப் பெயர் மாற்றிய பிறகு தேவையானதை மட்டும் எண்ணாக்குவது நல்லது. தேதிக்கு 'யூசிங் லொகேல்' கொடுத்து இந்திய முறையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கணினியின் அமைப்பைப் பொறுத்து 5/8 மே மாதமாகவும் ஆகும், ஆகஸ்டாகவும் ஆகும்.

'சேஞ்ச்டு டைப்' படியில் இன்னொரு தொல்லையும் உண்டு, அது தலைப்புகளைப் பெயர் சொல்லிக் குறித்துவைத்துக்கொள்ளும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12 சதவீத அடுக்கு எடுக்கப்பட்டது, நெய்யும் வெண்ணெயும் 5-க்கு வந்தன. வரி விகிதத்துக்கு ஒரு நெடுவரிசை என்று ஷீட் போடுபவர்கள் '12%' நெடுவரிசையை எடுத்துவிட்டால், அந்தப் படி 'இந்த நெடுவரிசை இல்லை' என்று நின்றுவிடும். அடிப்படை விவரங்களைத் தேர்ந்துகொண்டு 'அன்பிவட் அதர் காலம்ஸ்' கொடுத்தால் விகிதங்கள் நெடுவரிசையிலிருந்து வரிகளுக்கு இறங்கிவிடும். நாளை எந்த அடுக்கு வந்தாலும் போனாலும் குவெரியைத் தொட வேண்டியதில்லை.

ஷீட் பெயர் ஃபைலுக்கு ஃபைல் மாறினாலும் 'கம்பைன் ஃபைல்ஸ்' திணறும். எக்ஸெல்.ஒர்க்புக் என்ற ஃபார்முலா கொண்டு ஃபைலைத் திறந்து, வகை 'ஷீட்' என்று உள்ளதில் முதலாவதை எடுத்தால் பெயரைப் பற்றிக் கவலை இல்லை. கீழே உள்ள 'மொத்தம்' வரியைப் பில் எண் வெற்றாக இருப்பதை வைத்து வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் விற்பனை இரட்டிப்பாகத் தெரியும். ஆனால் அந்த மொத்தத்தைத் தூக்கி எறியாமல் தனியாக எடுத்து, ஒன்றாக்கிய அட்டவணையில் அதே கிளையின் கூட்டலோடு ஒப்பிடுகிறேன்.

பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள், அதில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் போதாதா என்று கேட்பார்கள். போதும், அதுவும் பெயர் பார்த்துத்தான் சேர்க்கும், ஃபைல்கள் அதிகமானால் பெரும்பாலும் வேகமும் அதிகம். ஒரு நெடுவரிசை சில ஃபைல்களில் இல்லாதபோது முழு எண்கள் தசமமாகி, பில் எண் 1045 என்பது 1045.0 ஆகிவிடும் என்பதை மட்டும் கவனித்து, படிக்கும்போதே எழுத்தாகப் படித்துக்கொள்ள வேண்டும். நான் பவர் குவெரியிலேயே இருப்பதற்குக் காரணம், பக்கத்தில் இருப்பவர் வலது ஓரத்தில் உள்ள படிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, எந்த இடத்தில் எது மாறியது என்று அவராகவே பார்க்க முடிகிறது. நான் விடுப்பில் இருந்தாலும் மாதக் கணக்கு நிற்பதில்லை, புதுத் தலைப்பு வந்தால் அவரே பட்டியலில் ஒரு வரி சேர்த்து ரிஃப்ரெஷ் கொடுத்துவிடுகிறார்.